கபம் மிகுந்த உடம்புக்கு அன்றாடப் பழக்கங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கபம் கூடிவிட்டது என்று யாராவது சொன்னால், அடுத்த கேள்வி "என்ன சாப்பிடலாம்?" என்பதாகத்தான் இருக்கிறது. சுக்கு, தேன், கொள்ளு, திரிகடுகச் சூரணம் என்று பதில்களும் உடனே வந்துவிடுகின்றன. ஆயுர்வேத நூல்கள் இதை வேறு பக்கத்திலிருந்து பார்க்கின்றன. கபம் மிகும்போது முதல் மருத்துவம் உடம்பை இலேசாக்குவது. அதற்கு லங்கனம் என்று பெயர். எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விடுவது என்பதே அங்கே பெரிய காரியம். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகின்றன.

கபம் என்பது சளிதானே?

இல்லை. சளி அதன் ஒரு வெளிப்பாடு மட்டுமே. நிலமும் நீரும் சேர்ந்த தன்மையை ஆயுர்வேதம் கபம் என்கிறது. நெய்ப்பு, குளிர்ச்சி, கனம், மந்தம், வழவழப்பு, பிசுபிசுப்பு, அசையாமல் நிலைத்திருத்தல் ஆகிய ஏழு குணங்களை அஷ்டாங்க ஹிருதயம் என்ற ஆயுர்வேத நூலில் அதன் ஆசிரியர் வாக்படர் அதற்குக் குறிப்பிடுகிறார். உடம்பில் ஐந்து இடங்களில் அது ஐந்து வேலை செய்கிறது: மார்பில் அவலம்பகம், இரைப்பையில் கிலேதகம், நாக்கில் போதகம், தலையில் தர்ப்பகம், மூட்டுகளில் சிலேஷகம். உண்ட சோறு நனைந்து குழைவதும், நாக்குக்குச் சுவை தெரிவதும், மூட்டு உராயாமல் மடங்குவதும் அதனால்தான் என்பது நூல்களின் விளக்கம். ஆகவே கபத்தை ஒழிப்பது என்று பேசுவதே தவறு. அதை அதன் அளவில் நிறுத்துவதுதான் நோக்கம்.

எனக்குக் கபம் கூடியிருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நூல்கள் சொல்லும் அறிகுறிகள் தெளிவானவை: பசி மந்தமாவது, வாயில் நீர் ஊறுவது, சோம்பல், உடம்பு கனத்திருப்பது, வெளிறிப்போவது, குளிர்ச்சி, கைகால் தளர்ந்திருப்பது, இருமல், மூச்சு வாங்குவது, அளவுக்கு மீறிய தூக்கம். இவற்றில் முதலாவதையே நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். பசி இல்லாமலே மணி பார்த்துச் சாப்பிடுவது வழக்கமாகிவிட்டால், மற்றவை ஒவ்வொன்றாகப் பின்னால் வரும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். பிறவியிலேயே கபம் மேலோங்கிய உடல்வாகு ஒன்று உண்டு. அகன்ற மார்பு, அடர்ந்த முடி, நிதானமான பேச்சு, எளிதில் கோபம் வராத மனம், நல்ல நினைவாற்றல் என்று அது இருக்கும். அது நோயல்ல, பேறு. இப்போது கூடியிருக்கும் கபம்தான் சரிசெய்யப்பட வேண்டியது. ஒல்லியான, படபடப்பான ஒருவருக்கும் மழைக்காலத்திலோ பனிக்காலத்திலோ கபம் மிகலாம். இணையத்தில் இருபது கேள்விகளுக்குப் பதில் சொல்லி "நீங்கள் கப உடம்பு" என்று முடிவு பெறுபவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதே இல்லை.

இந்த அறிகுறிகள் வேறு நோயாக இருக்க வாய்ப்பு உண்டா?

நிச்சயமாக உண்டு. எந்தப் பழக்கத்தையும் தொடங்குவதற்கு முன் படிக்க வேண்டிய பதில் இது. எடை கூடுவது, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், முடி உதிர்வு, ஓயாத அசதி ஆகியவை தைராய்டு சுரப்புக் குறைவிலும் அப்படியே வரும். டி.எஸ்.எச். என்ற எளிய ரத்தப் பரிசோதனை அதைக் காட்டிவிடும். இரவில் பலத்த குறட்டையும் பகலில் அடக்க முடியாத தூக்கமும் சேர்ந்திருந்தால், தூக்கத்தில் மூச்சு தடைப்படும் கோளாறாக இருக்கலாம். அதைக் கப உறக்கம் என்று விட்டுவிட்டால் இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கேடு. வெளிறிய முகமும் களைப்பும் ரத்தசோகையில் வரும். மூச்சிரைப்பு ஆஸ்துமாவாக இருக்கலாம். இதயக் கோளாறாகவும் இருக்கலாம். கால் வீக்கத்தோடு மூச்சு வாங்கினால் கஷாயம் வைத்துக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வாத பித்த கபம் என்பது பல நூற்றாண்டுக் கவனிப்பில் எழுந்த ஒரு பார்வை முறை. அன்றாட வாழ்க்கையை ஒழுங்குபடுத்த அது மிக நல்ல துணை. ரத்தப் பரிசோதனையின் இடத்தை அது எடுத்துக்கொள்ள முடியாது. ஏற்கெனவே இன்ஹேலர், தைராய்டு மாத்திரை, சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் கபப் பழக்கங்களை நம்பி அவற்றை நிறுத்தக் கூடாது.

எந்த மாதங்களில் கவனமாக இருக்க வேண்டும்?

குளிரில் உறைந்த நெய் வெயில் பட்டதும் இளகி ஓடுவதுபோல, பனிக்காலத்தில் சேர்ந்த கபம் இளவேனிலில் இளகிப் பசியைக் கெடுக்கிறது என்பது வாக்படர் சொல்லும் காரணத்தின் சாரம். சேர்வது ஒரு பருவத்தில், தொல்லை கொடுப்பது அடுத்த பருவத்தில். இதை உணராததால்தான் பலருக்கு "வெயில் வந்த பிறகு ஏன் சளி பிடிக்கிறது?" என்ற வியப்பு வருகிறது.

தமிழ் மாதக் கணக்கில் மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். ஆனால் தமிழ்நாட்டுச் சமவெளியில் வெயில் மாசிக் கடைசியிலேயே ஏறத் தொடங்கிவிடுகிறது; சித்திரையின் பின்பாதியில் அக்னி நட்சத்திரமே வந்துவிடும். எனவே இங்கே கபத்துக்கான கட்டுப்பாடுகளை மாசி நடுவிலிருந்து சித்திரைத் தொடக்கம் வரை வைத்துக்கொள்வது பொருத்தம் என்பது என் கருத்து. உதகையிலும் கொடைக்கானலிலும் இது இன்னும் சில வாரங்கள் நீளும். மார்கழிக் குளிரில் பசி நன்றாக எரியும். அப்போது மிளகும் நெய்யும் போட்ட வெண்பொங்கல் செரித்துவிடும். அதே பொங்கலைப் பங்குனியிலும் தினமும் தொடர்ந்தால்தான் சிக்கல்.

இளவேனிலுக்கான குடிநீராக இஞ்சி போட்டுக் காய்ச்சிய நீரையும், கோரைக்கிழங்கு போட்டுக் காய்ச்சிய நீரையும், தேன் கலந்த நீரையும் வாக்படர் குறிப்பிடுகிறார். நம் வீடுகளில் சித்திரை முதல் நாள் வேப்பம்பூப் பச்சடி வைப்பது இந்தப் பருவத்துக்கு மிகவும் ஏற்ற வழக்கம். பச்சடியில் வெல்லமும் மாங்காயும் சேர்வதால், கபம் மிகுந்தவர்களுக்கு வேப்பம்பூ ரசம் இன்னும் நல்லது. பூ உதிரும் அந்த நாட்களில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வைக்கலாம்.

சித்த மருத்துவமும் இதையேதான் சொல்கிறதா?

பெரும்பாலும் ஆம். ஐயம், சிலேத்துமம் என்ற பெயர்களில் அங்கே பேசப்படுவது இதுவே. பின்பனியில் வளர்ந்து இளவேனிலில் மிகும் என்பதும் ஒன்றுபோலவே இருக்கிறது. பெரிய வேறுபாடு வயதுக் கணக்கில் வருகிறது. ஆயுர்வேதம் குழந்தைப் பருவத்தைக் கபத்துக்கும் முதுமையை வாதத்துக்கும் கொடுக்கிறது. சித்த மரபில் வாதம் இளமைக்கு, கபம் முதுமைக்கு. இரண்டையும் கலந்து படிப்பவர்கள் ஒரே உடம்புக்கு இருவேறு தீர்ப்புகளைப் பெற்றுக் குழம்புவது இதனால்தான். ஒரு மருத்துவரிடம் போனால் அவருடைய முறையிலேயே நிற்பது நல்லது. இந்தப் பக்கம் ஆயுர்வேதக் கணக்கில் செல்கிறது.

காலையில் எத்தனை மணிக்கு எழ வேண்டும்?

ஆரோக்கியமாக இருப்பவர் பிரம்ம முகூர்த்தத்தில் எழ வேண்டும் என்பது நூல். ஒரு முகூர்த்தம் 48 நிமிடம். சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன்பு தொடங்குவது பிரம்ம முகூர்த்தம். சென்னையில் ஜனவரி இறுதியில் உதயம் ஏறக்குறைய ஆறரை மணி, மே இறுதியில் ஐந்தே முக்கால். அந்தக் கணக்கில் பனிக்காலத்தில் ஐந்து மணி, கோடையில் நாலே கால்.

எல்லோராலும் இது முடியாது, தேவையும் இல்லை. பகலின் முதல் மூன்றில் ஒரு பகுதி கபத்தின் நேரம் என்பதிலிருந்துதான் "ஆறிலிருந்து பத்து வரை" என்ற இன்றைய கணக்கு வந்தது. அந்த நேரத்துக்குள் தூங்கிக்கொண்டே போனால் எழும்போது உடம்பு கனக்கும். எட்டரைக்கு எழுந்தவரும் ஐந்தரைக்கு எழுந்தவரும் ஏழு மணி நேரமே தூங்கியிருந்தாலும் அவர்களுடைய காலை ஒன்றாக இருப்பதில்லை. ஆறு மணிக்கு முன் எழுவது என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும். அதற்காகத் தூக்கத்தைக் குறைக்கக் கூடாது. இரவு படுக்கும் நேரத்தை முன்னே இழுக்க வேண்டும்.

மதியம் சிறிது தூங்கலாமா?

கபம் மிகுந்தவருக்கு ஒரே ஒரு பழக்கத்தை விடச் சொல்ல வேண்டுமென்றால் நான் இதைத்தான் சொல்வேன். பகல் தூக்கம் கபத்தையும் பித்தத்தையும் கூட்டும். உடலில் கொழுப்பும் கபமும் மிகுந்தவர்களும், தினமும் நெய்ப்பான உணவு உண்பவர்களும் பகலில் தூங்கவே வேண்டாம் என்கிறது அஷ்டாங்க ஹிருதயம். ஞாயிற்றுக்கிழமை விருந்துச் சாப்பாடு, மின்விசிறி, இரண்டு மணி நேரத் தூக்கம், எழுந்ததும் தலைபாரம், மாலையில் பசியின்மை என்ற தொடரைப் பலரும் அறிவார்கள்.

இதற்கு விலக்குகளும் நூலிலேயே இருக்கின்றன. இரவு குறுகிய கோடைக்காலத்தில் பகல் தூக்கம் அனுமதிக்கப்படுகிறது. முதியவர், குழந்தை, பலவீனர், நடையாலோ சுமையாலோ களைத்தவர், துயரத்தில் இருப்பவர் ஆகியோருக்கும் உண்டு. உட்கார்ந்தபடியே கண் அயர்வது உடம்பை உலர்த்துவதும் இல்லை, அடைப்பதும் இல்லை என்ற குறிப்பு எனக்கு மிகவும் பிடித்தது. சாய்வு நாற்காலியில் பதினைந்து நிமிடம் கண்ணை மூடுவதற்கு அது போதிய அனுமதி.

இரவுப் பணி செய்யும் செவிலியர்களும் ஓட்டுநர்களும் கணினித் துறையினரும் அடிக்கடி இதைக் கேட்கிறார்கள். இரவில் விழித்த நேரத்தில் பாதியை மறுநாள் காலை, உணவுக்கு முன் தூங்கி ஈடுசெய்யலாம் என்பது நூலின் வழி. தொடர்ந்து இரவுப் பணியில் இருப்பவருக்குப் பாதித் தூக்கம் போதாது. அவர் முழுத் தூக்கத்தையும் எடுத்தே ஆக வேண்டும். ஆனால் வீட்டுக்கு வந்ததும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பதை மாற்றிக்கொள்ளலாம்.

பல், நாக்கு, மூக்கு ஆகியவற்றுக்கு ஏதாவது தனி முறை உண்டா?

பல் துலக்கத் துவர்ப்பும் கார்ப்பும் கைப்பும் உள்ள குச்சிகளே சொல்லப்பட்டிருக்கின்றன. ஆலும் வேம்பும் கருங்காலியும் அதற்குள் வரும். பற்பசை பயன்படுத்துபவர்கள் அதை மாற்ற வேண்டியதில்லை. நாக்கை வழிப்பதை மட்டும் விடக் கூடாது. காலையில் நாக்கில் தடித்த வெண்படலம் இருந்தால், நேற்று இரவு உண்டது அதிகம் என்று எடுத்துக்கொள்ளலாம். வெந்நீரில் சிறிது உப்பும் மஞ்சளும் கலந்து தொண்டை வரை கொப்பளிப்பது பனிக்காலத்தில் நல்லது.

மூக்கில் அணு தைலம் இரண்டு சொட்டு விடுவது அன்றாடம் செய்யக்கூடிய எளிய நஸ்யம், அதாவது மூக்கு வழி மருத்துவம். காய்ச்சலின்போதும், மூக்கு முழுதும் அடைத்திருக்கும்போதும், சாப்பிட்ட உடனேயும் வேண்டாம். நேத்திக் குவளையால் மூக்கைக் கழுவுபவர்கள் கொதிக்க வைத்து ஆறிய நீரை மட்டுமே பயன்படுத்த வேண்டும். குழாய் நீரை நேரடியாக விட்டால், அதில் இருக்கக்கூடிய ஒருவகை அமீபா மூக்கின் வழியே மூளைக்குச் சென்று உயிரைப் பறிக்கும். மிக அரிதுதான், ஆனாலும் கொதிக்க வைக்கும் அந்தச் சில நிமிடங்களைச் சுருக்க வேண்டாம்.

எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாமா?

தினமும் எண்ணெய் தேய்க்கச் சொல்லும் அதே நூல், மூன்று பேருக்கு அதைத் தடுக்கிறது: கபம் மிகுந்தவர், வமனம் (வாந்தி எடுக்கவைக்கும் சிகிச்சை) போன்ற சுத்திகரிப்பு முடிந்த கையோடு இருப்பவர், அஜீரணம் உள்ளவர். சளி கட்டியிருக்கும்போது எண்ணெய்க் குளியல் வேண்டாம் என்று பாட்டிமார்கள் சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. உடம்பு நன்றாக இருக்கும் நாட்களில் வாரம் ஒருமுறை, வெயில் ஏறிய பிறகு, சூடாக்கிய நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கலாம். நல்லெண்ணெய் கபத்தைக் கூட்டாது. மெலிந்தவரைத் தேற்றும், பருத்தவரை இளைக்கவைக்கும் என்பது அதற்கு வாக்படர் கொடுக்கும் சான்று. அன்று மதியம் தூங்குவதில்லை, தயிர் சேர்ப்பதில்லை என்ற வீட்டு வழக்கத்தை அப்படியே காப்பாற்றுங்கள்.

கபத்துக்கு உரிய தேய்ப்பு பொடித் தேய்ப்புதான். உத்வர்த்தனம் என்ற அது கபத்தைப் போக்கி, கொழுப்பை இளக்கி, தோலுக்குத் தெளிவு தரும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. வறுத்து அரைத்த கொள்ளு மாவோடு திரிபலாப் பொடியைச் சம அளவு கலந்துகொள்ளலாம். காலிலிருந்து மேல்நோக்கி, தோல் இளஞ்சூடாகும் வரை பத்து நிமிடம் தேய்த்துவிட்டு வெந்நீரில் குளிக்க வேண்டும். தோல் வறண்டவர்கள் முதலில் சில சொட்டு எண்ணெய் பூசிக்கொள்ளட்டும். படை, புண், அரிப்பு இருந்தால் தேய்க்க வேண்டாம். இதனால் மட்டும் எடை குறையும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. காலைச் சோம்பலைப் போக்குவதில்தான் அதன் அருமை தெரியும்.

எவ்வளவு உடற்பயிற்சி தேவை?

நெய்ப்பான உணவு உண்பவரும் வலிமை உள்ளவரும் குளிர்காலத்திலும் இளவேனிலிலும் தம் சக்தியில் பாதி அளவுக்குப் பயிற்சி செய்ய வேண்டும், மற்றப் பருவங்களில் அதனினும் குறைவாக என்பது நூலின் அளவு. பாதிச் சக்தி எப்போது தீர்ந்தது என்பதற்கும் அடையாளம் இருக்கிறது: நெற்றியிலும் மூக்கிலும் அக்குளிலும் மூட்டுகளிலும் வியர்வை அரும்பும், வாய் உலரும். அதோடு நிறுத்திவிடலாம். வாரத்துக்கு 150 நிமிட மிதமான பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் கப உடம்புக்கு நன்றாகப் பொருந்துகிறது.

கபத்துக்கு நேரம் முக்கியம். காலை உணவுக்கு முன், வியர்க்கும் வேகத்தில் நடப்பது, மாடிப்படி ஏறுவது, சூரிய நமஸ்காரம், தோட்ட வேலை எதுவும் சரி. பேசிக்கொண்டே உலாவுவது இந்தக் கணக்கில் சேராது. கபாலபாதி என்ற மூச்சுப் பயிற்சி செய்பவர்கள் உயர் ரத்த அழுத்தம், குடலிறக்கம், கர்ப்பம் இவற்றில் ஏதாவது இருந்தால் அதைத் தவிர்க்க வேண்டும்.

காலையில் இட்லி, தோசையை விட்டுவிட வேண்டுமா?

உளுந்து கனமானது, நெய்ப்பானது, கபத்தைக் கூட்டுவது. மாவு புளிக்கும்போது புளிப்பும் சேர்கிறது. தேங்காய்ச் சட்டினி குளிர்ச்சியும் இனிப்பும் கனமும் கொண்டது. இப்படிப் பார்த்தால் நம் காலை உணவு முழுவதும் கபத்துக்கு உகந்ததாக இல்லை. ஆனாலும் ஒரு தலைமுறையாகப் பழகிய உணவை ஒரே நாளில் தூக்கியெறியச் சொல்ல மாட்டேன். இரண்டு இட்லியும், தேங்காய்க்குப் பதில் இஞ்சித் துவையலோ பிரண்டைத் துவையலோ கறிவேப்பிலைத் துவையலோ இருந்தால் பெரும்பாலானோருக்குச் செரித்துவிடும். ஆறு இட்லிக்கு மேல் ஒரு வடையும் சேரும்போதுதான் பத்து மணிக்குக் கண் சொக்குகிறது.

மாவு அரைப்பதிலேயே மாற்றம் செய்யலாம். உளுந்தில் பாதிக்குக் கொள்ளு சேர்த்து அரைத்தால் இட்லி சற்றுக் கெட்டியாக வரும், தோசை நன்றாகவே வரும். முழுப் பயறு ஊறவைத்து இஞ்சி, பச்சை மிளகாய் சேர்த்து அரைத்துச் சுடும் பெசரட்டு இன்னும் இலேசானது. பருப்பு வகைகளில் பயறுக்கே நூல்கள் முதலிடம் கொடுக்கின்றன.

எல்லாவற்றுக்கும் முன் பசிக்கிறதா என்று பாருங்கள். நேற்று உண்டது செரித்துவிட்டால் ஏப்பம் தெளிவாக இருக்கும், மலம் இயல்பாகக் கழியும், உடம்பு இலேசாக இருக்கும், பசியும் தாகமும் எடுக்கும். இவை இல்லாத காலையில் இஞ்சி போட்ட வெந்நீர் குடித்துவிட்டு மதியம் வரை காத்திருப்பது கப உடம்புக்கு எந்தத் தீங்கும் செய்யாது. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் எந்த வேளையையும் தவிர்க்கக் கூடாது.

தயிர் சளி பிடிக்கும் என்கிறார்கள். மோரும் அப்படித்தானா?

இரண்டையும் ஒன்றாகப் பேசுவதுதான் பிழை. தயிரை இரவில் உண்ணக் கூடாது, சூடாக்கி உண்ணக் கூடாது, இளவேனிலிலும் கோடையிலும் கூதிர்காலத்திலும் தவிர்க்க வேண்டும் என்று நூல் அடுக்குகிறது. மோருக்கு அதே நூல் தரும் இடம் வேறு: இலேசானது, துவர்ப்பும் புளிப்பும் உள்ளது, பசியைத் தூண்டுவது, கபத்தையும் வாதத்தையும் வெல்வது. வெண்ணெய் எடுத்து நீர் விட்டுக் கடைந்த மோரைத்தான் இது குறிக்கும். தயிரில் தண்ணீர் ஊற்றிக் கலக்கியது அதற்கு ஈடாகாது. நீர் சுருக்கி, மோர் பெருக்கி, நெய் உருக்கி உண்ண வேண்டும் என்று நம்மிடையே வழங்கும் சொல்லில் மூன்றும் கபத்துக்குப் பொருந்துகின்றன. மதியச் சாப்பாட்டின் முடிவில் இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் போட்ட நீர்மோர் போதும்.

பால் வேண்டுமென்றால் மிளகும் மஞ்சளும் போட்டுக் காய்ச்சி, மாலையில் சிறிதளவு. வாழைப்பழத்தோடு சேர்த்து அடித்த குளிர்ந்த பால் கபத்துக்கு ஏற்றதே அல்ல.

கொள்ளு, பார்லி, சிறுதானியம் ஆகியவற்றில் எது நல்லது?

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பது கிராமம் முழுதும் தெரிந்த பழமொழி. கொள்ளு சூடானது, கபம், இருமல், மூச்சிரைப்பு, மூக்கடைப்பு ஆகியவற்றைத் தணிக்கும். அதோடு பித்தத்தையும் ரத்தத்தையும் மிகவும் கிளறும் என்பதும் சொல்லப்பட்டிருக்கிறது. நெஞ்செரிச்சல், வயிற்றுப்புண், அதிக உதிரப்போக்கு உள்ளவர்கள் விலகி நிற்க வேண்டும், கர்ப்பிணிகளும் அப்படியே. மற்றவர்கள் பனிக்காலத்தில் வாரம் இரண்டு முறை கொள்ளு ரசமோ கொள்ளுத் துவையலோ சாப்பிடலாம்.

பார்லியைப் பற்றிய குறிப்பு இன்னும் சுவையானது. அது கனமானது, ஆனாலும் கபத்தையும் கொழுப்பையும் வெல்லும் என்கிறார்கள். பருத்த உடம்பை இளைக்கவைக்க, கனமாக இருந்து பசியை அடக்கக்கூடிய, ஆனால் உடம்பைப் பெருக்காத உணவு வேண்டும் என்பது பழைய ஆயுர்வேத ஆசிரியரான சரகரின் விதி. வயிறு நிறைய வேண்டும், உடம்பு பெருக்கக் கூடாது. பட்டினி கிடந்து எடை குறைக்க முயன்று தோற்பவர்கள் இந்த விதியைப் பார்க்க வேண்டும். மதியச் சோற்றில் பாதிக்குப் பதில் உடைத்த பார்லியை வேகவைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள்.

சாமையும் வரகும் உலர்த்தும் தன்மை உள்ளவை. வரகு மலத்தைக் கட்டும். தினை இந்தக் கூட்டத்தில் தனியானது: கனமானது, உடம்பைத் தேற்றுவது. சிறுதானியம் என்றாலே இளைக்கும் என்பது சரியல்ல. அரிசி உண்பவர்கள் ஓராண்டு பழைய அரிசியாகப் பார்த்து வாங்கினால் இலேசாக இருக்கும்.

வெறும் வயிற்றில் வெந்நீரில் தேன் கலந்து குடிக்கலாமா?

கபத்துக்குத் தேன்தான் தலைசிறந்தது. வாதத்துக்கு எண்ணெய், பித்தத்துக்கு நெய் என்பதுபோல. ஆனால் சூடான பொருளோடு சேர்ந்த தேனை நூல்கள் கடுமையாக விலக்குகின்றன. கொதிக்கும் நீரில் தேனை ஊற்றுவது அவற்றின்படி தவறு. நீரைக் காய்ச்சி, குடிக்கும் பதத்துக்கு நன்றாக ஆறியபின் ஒரு தேக்கரண்டி கலக்கலாம். அந்த ஒரு தேக்கரண்டியில் சுமார் ஆறு கிராம் சர்க்கரை இருக்கிறது. சர்க்கரை நோயாளிகள் இதைத் தொடங்காமல் இருப்பதே நல்லது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் தொட்டுக்கூட வைக்கக் கூடாது, அதனால் கடும் நச்சு நோய் வரக்கூடும்.

திரிகடுகச் சூரணத்தைத் தினமும் சாப்பிடலாமா?

வேண்டாம். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்த அது நல்ல மருந்து. மருந்து என்பதாலேயே அன்றாட உணவாக்கக் கூடாது. திப்பிலி, சாம்பலிலிருந்து எடுக்கும் க்ஷாரம், உப்பு மூன்றையும் அளவுக்கு மீறிப் பயன்படுத்தக் கூடாது என்று சரகர் தனியாகவே எச்சரித்திருக்கிறார். சளி பிடித்த நாட்களில் மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாட்கள் வரை. அன்றாடத்துக்கு ரசத்தில் போடும் மிளகும், வாரம் சில நாள் சுக்குக் காபியும், தூதுவளை ரசமும் போதும். தொண்டைக்காக அதிமதுரம் மெல்லுபவர்கள் நீண்ட நாள் தொடர்ந்தால் ரத்த அழுத்தம் ஏறி, பொட்டாசியம் குறையும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் எந்தச் சூரணத்தையும் தாமாகத் தொடங்கக் கூடாது.

தண்ணீர் எப்படிக் குடிப்பது?

தாகத்துக்கு ஏற்ப, வெதுவெதுப்பாக. சாப்பாட்டுக்கு முன் குடித்தால் இளைக்கும், நடுவில் குடித்தால் சமமாக இருக்கும், முடிவில் குடித்தால் பருக்கும் என்ற பழைய வாக்கு கப உடம்புக்கு நேரடியான வழிகாட்டி. விடிந்ததும் தாகம் இல்லாமல் ஒரு லிட்டர் குடிக்கும் பழக்கம் மந்தப் பசிக்காரர்களுக்கு ஏற்றதல்ல.

இரவு உணவு எப்படி இருக்க வேண்டும்?

எட்டு மணிக்கு முன், மதியத்தில் பாதி அளவு. வயிற்றை நான்காகப் பிரித்து இரண்டு பங்கு உணவும் ஒரு பங்கு நீரும் நிரப்பி, ஒரு பங்கைக் காலியாக விடச் சொல்கிறது நூல். இரவில் காலிப் பங்கு இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். மிளகு ரசமும் கொஞ்சம் சோறும், அல்லது பயற்றங்கஞ்சி, அல்லது காய்கறி சூப். பரோட்டாவும் பிரியாணியும் ஐஸ்கிரீமும் இரவு பத்து மணிக்கு என்பது நம் நகரங்களின் புதிய வழக்கம். காலையில் தொண்டையில் கட்டும் சளிக்கு அதுவே பாதிக் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். உண்டபின் நூறடி மெல்ல நடந்துவிட்டு, குறைந்தது இரண்டு மணி நேரம் கழித்துப் படுக்க வேண்டும்.

குழந்தைக்கு அடிக்கடி சளி பிடிக்கிறது. இதே முறைகளைச் செய்யலாமா?

குழந்தைப் பருவம் இயல்பிலேயே கபப் பருவம். வளர்வதற்கு அது தேவை. பெரியவர்களுக்கான பட்டினி, பொடித் தேய்ப்பு, காரச் சூரணம் எதுவும் அவர்களுக்கு வேண்டாம். இரவுத் தயிரையும் குளிர்பானத்தையும் நிறுத்தி, மாலையில் வெளியில் ஓடி விளையாடவிட்டாலே பெரும் மாற்றம் தெரியும். ஆவி பிடிக்கக் கொதிநீர்ப் பாத்திரத்தின் முன் குழந்தையை உட்காரவைக்காதீர்கள். கவிழ்ந்து வெந்துபோகும் விபத்துகள் நிறைய நடக்கின்றன. கைக்குழந்தையின் மூக்கில் கற்பூரம் தடவுவதும் ஆபத்து. உள்ளே போனால் வலிப்பு வரும். மூச்சு வேகமாக இருந்தாலும், மூச்சிழுக்கும்போது விலா உள்வாங்கினாலும் உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

வமன சிகிச்சையை வீட்டில் செய்யலாமா?

கூடாது. இளவேனிலில் கபத்தை வாந்தி மூலம் வெளியேற்றும் அது, முன்தயாரிப்பும் மருத்துவர் கண்காணிப்பும் தேவைப்படும் சிகிச்சை. காணொளியைப் பார்த்து உப்பு நீர் குடித்து வாந்தி எடுப்பதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

இத்தனையையும் எங்கிருந்து தொடங்குவது?

ஒன்றிலிருந்து. கெட்ட பழக்கமானாலும் திடீரென்று விட்டால் உடம்பு கலங்கும். கால் கால் பங்காகக் குறைத்து, நல்லதைக் கால் கால் பங்காகக் கூட்ட வேண்டும் என்பது பாதாம்சிக முறை. இரண்டு மணி நேர மதியத் தூக்கத்தை இந்த வாரம் ஒன்றரையாக்குங்கள், அடுத்த வாரம் ஒன்றாக்குங்கள். அது அடங்கிய பிறகு இரவுச் சோற்றைத் தொடுங்கள். எழும் நேரம் தானாகவே முன்னே வரும். பொடி, தைலம், கஷாயம் எல்லாம் அதற்குப் பிறகு தேவைப்பட்டால் மட்டும்.

கபம் அளவுக்கு மீறிக் குறைந்துவிட்டால் தெரியுமா?

தெரியும். தலைசுற்றல், நெஞ்சு படபடப்பு, மூட்டுகள் பிடியற்றுத் தளர்ந்த உணர்வு, கபம் இருக்க வேண்டிய இடங்களில் ஒரு வெறுமை ஆகியவற்றை நூல்கள் சொல்கின்றன. தூக்கம் கலைவது, தோல் வறள்வது, மலம் இறுகுவது ஆகியவை வாதம் ஏறுவதைக் காட்டும். வரகும் கொள்ளும் காரமும் தொடர்ந்து, எண்ணெயை முற்றிலும் விட்டு, தூக்கத்தையும் குறைத்தவர்களுக்கு இது விரைவிலேயே வரும். அப்போது கட்டுப்பாடுகளைத் தளர்த்தி, சூடான சோற்றில் ஒரு கரண்டி உருக்கிய நெய் சேர்த்துக்கொண்டு, எண்ணெய் தேய்த்துக் குளித்து, நன்றாகத் தூங்க வேண்டும். சில நாட்களில் படபடப்பு அடங்கவில்லையென்றால் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.